மூன்றாம் மேசையில் ஆறு பேர்

அன்று மழை பெய்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கமறியா ராத்தாவிடம் கேட்டால், மழையும் இல்லை ஒன்றும் இல்லை, லொறியிலிருந்து ஐஸ் கொட்டிய சத்தம்தான் உன் காதில் அப்படிக் கிடக்கிறது என்பார். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். சில வருடங்கள் போனதும் மனம் தனக்குப் பிடித்த வானத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. ஆனால் மூன்றாம் மேசையில் இருந்த அந்த இடைவெளியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஓர் ஆள் நிற்கும் அகலம். இரண்டு பக்கமும் முழங்கைகள் அசைந்துகொண்டிருக்க, நடுவில் வெறும் தகடு மினுங்கிக்கொண்டிருந்தது.

கற்பிட்டிப் பக்கம் நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலை. மேலே கணக்கு எழுதும், கண்ணாடிச் சுவர் வைத்த கந்தோர், கீழே அவித்த நண்டை உரித்துச் சதை எடுக்கும் தளம், நடுவில் ஓர் இரும்புப் படி. அந்தப் படிதான் என் வேலை. ஏஜென்சி வழியாக நாட்கூலிக்கு வரும் பெண்களை மேன்பவர் என்று சொல்வோம். காலையில் வேனில் வந்திறங்கும் அவர்களை மேசைகளுக்குப் பிரித்துவிட்டு மேலே போய்ச் சொல்ல வேண்டும். மேலே எத்தனை பேர் என்று கேட்பார்கள். கீழே யார் வரவில்லை என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மூன்றாம் மேசையில் நின்ற ஜுனைதா கண்டக்குழியைச் சேர்ந்தவள். அவளுடைய கணவர் கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்தபடி அதே வலையின் மேல் சாய்ந்துவிட்டார். அவர் மவுத்தாகிவிட, ஜுனைதா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். மேன்பவருக்கு லீவு என்று ஒன்று கிடையாது. ஒரு வாரம் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வந்தாலும் நிற்க மேசை இருக்காது. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்தில் வேறு தொழிற்சாலையும் இல்லை.

ஆட்கள் விஷயத்தைப் பார்த்த ஹுனைஸ் சேர் கெட்டவர் இல்லை. மவுத்து வீட்டுக்குச் சீனியோடு போய் வந்தவர். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாவம்தான் மிஸ். ஆனா நண்டு இத்தா இருக்காதே. ஆளப் போடுங்க."

பள்ளிவாசல்துறையிலிருந்து புதிதாக வந்த ஸஃப்னாவை அனுப்பினேன். நான் பாதிப் படி ஏறுவதற்குள் அவள் திரும்பி வந்து கீழே நின்றாள்.

"அங்க ஆள் இரிக்காம், மிஸ்."

"எங்க ஆள்?"

"எனக்குத் தெரியல்ல. என்ட கண்ணுக்குத் தெரியாட்டியும் இரிக்காம். அந்த ராத்தாதான் சொல்றா."

இறங்கிப் போனேன். மேசைக்கு மூத்தவரான கமறியா ராத்தா தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய கத்தி நண்டின் காலுக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"இது ஜுனைதாட இடம். புள்ளய வேற மேசையில விடுங்க மிஸ்."

"ராத்தா, மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்களுக்கு வேண்டியது சதைட நிறைதானே? ஆறு பேர்ட நிறையை நாங்க அஞ்சு பேரும் குடுக்கிறம்."

சொன்னபடி கொடுத்தார்கள். தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார்கள். முள் குத்திய விரலை ஐஸ் தண்ணீரில் நனைத்துவிட்டு அடுத்த நண்டை எடுத்தார்கள். மாலையில் தராசில் அந்த மேசையின் நிறை ஒருநாளும் இறங்கவில்லை. தளத்தைக் கழுவும்போது ராத்தா ஜுனைதாவின் வெள்ளை பூட்ஸையும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். யாரும் போடாத பூட்ஸ்.

நான் சந்தோஷமாகப் படியேறி ஹுனைஸ் சேரிடம் நிறையைச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப மூண்டாம் மேசைக்கு அஞ்சு பேர் போதும். ஆறாவது ஆள் எதுக்கு? மத்த மேசையளையும் அஞ்சாக்கிப் பாப்பம்."

படியின் தலைப்பில், கந்தோர்க் கண்ணாடியருகே நின்றேன். கண்ணாடிக்குக் கீழே குனிந்த தலைகள் தெரிந்தன. ஒருத்தியின் இடத்தைக் காக்கக் கொடுத்த உழைப்பே அந்த இடத்தைத் தின்றுவிட்டது. இனி ஒவ்வொரு மேசையிலும் ஒருத்தியைத் தின்னும். மழைச் சத்தம் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கீழே போய்ச் சொன்னேன். ஐந்து கத்திகளும் நின்றன. பிறகு கமறியா ராத்தா சிரித்தார்.

"பாத்தீங்களா? நல்லா வேல செஞ்சு அவளுக்கு நாங்களே குழி வெட்டியிரிக்கம். சரி, நாளையிலிரிந்து அஞ்சு பேர்ட நிறைதான் குடுப்பம் எண்டு வைங்க. அப்ப ஆள் போதாது எண்டு வேற ஆளப் போடுவாங்க. கூடக் குடுத்தாலும் அவ இல்ல, குறையக் குடுத்தாலும் அவ இல்ல. நீங்க படிச்ச புள்ளதானே மிஸ், சொல்லுங்க பாப்பம்."

கொளுவியில் தொங்கிய ஜுனைதாவின் ஏப்ரனை எடுத்தேன். பூட்ஸ் எனக்குக் கொஞ்சம் பெரிது. தலையுறையைப் போட்டு, கையைக் கழுவி, அந்த இடைவெளியில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் முழங்கைகள் நகர்ந்து வழிவிட்டன. ஒரு நண்டை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

சுவரில் இருந்த போன் அடித்தது.

"மிஸ், எங்க நிக்கிறீங்க?"

"மூண்டாம் மேசையில, சேர்."

"அங்க என்ன செய்றீங்க?"

"நண்டு உரிக்கிறன்."

மேலே கண்ணாடிக்கு அருகில் அவர் வந்து நின்றது தெரிந்தது. இவ்வளவு நாளும் நான் நின்று பார்த்த இடம். அங்கிருந்து பார்த்தால் நானும் குனிந்த ஒரு தலைதான்.

"விளையாடாதீங்க. கீழ நிக்கிறதெண்டா கீழ ஆள்ட சம்பளம்தான்."

"ஓம் சேர். அப்ப எழுதிக்கொள்ளுங்க. மூண்டாம் மேசையில ஆறு பேர்."

போனை வைத்துவிட்டு மறுபடியும் மேசைக்குப் போய் உரித்தேன். கமறியா ராத்தா என் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"உன்ட டப்பாவில சதை கொஞ்சம், ஓடுதான் கூட. இத வெளிநாட்டுக்கு அனுப்பினா அவங்கட பல்லுக்கும் நாங்கதான் காசு குடுக்கணும்."

மேசை முழுக்கச் சிரித்தது. அன்றுதான் முதல்முறையாக அவர் என்னை நீ என்றார்.

காலையில் வேனடியில் ஆட்களைப் பிரித்துவிடுவேன். பிறகு பூட்ஸைப் போட்டு ஜுனைதாவின் இடத்தில் நிற்பேன், ஆறு பேர் நிற்கும் மேசையில் அதே ஆறு பேரின் நிறைதான். நண்டு குவிந்த காலம் அது. எந்த ஊரில் யாரைக் கூப்பிட்டால் வருவார்கள் என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் என்னை வெளியேற்றவும் முடியவில்லை. ஹுனைஸ் சேர் பிறகு ஆள் கணக்கைப் பற்றிக் கதைக்கவில்லை. மற்ற மேசைகளிலும் கைவைக்கவில்லை.

இத்தா முடிந்த ஜுனைதா ஒருநாள் காலை வேனிலிருந்து கடைசியாக இறங்கி வந்தாள். யாரும் அழவில்லை. நான் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சூடா இரிக்கி," என்றாள்.

ஹுனைஸ் சேர் இப்போது கொழும்பில் வேறு கம்பனியில் இருக்கிறார். ஸஃப்னா கலியாணம் முடித்துச் சிலாபத்துக்குப் போய்விட்டாள். கமறியா ராத்தாவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை, ஆனாலும் வருகிறார். ஜுனைதா நிரந்தரமாகவில்லை, இன்னும் மேன்பவர்தான், அதே மேசைதான். மேலே இருந்த என் கதிரையை ரிஃபாஸ் என்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் மூன்றாம் மேசையில்தான் நிற்கிறேன், எனக்கு இடம்விட்டு எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நிற்கிறார்கள். காலையில் ரிஃபாஸ் படியில் நின்று, மூன்றாம் மேசையில் எத்தனை பேர் என்று கேட்கிறார். கமறியா ராத்தா தலையை நிமிர்த்தாமல் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்கிறார்.