மடுவில் இருந்ததாகச் சொன்ன ஆறு கிழமை

அன்று ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வைத்தியர் சிவரூபன், தாதி றொசாந்தி, குருநகர் நீக்கிலாப்பிள்ளை, அவருடைய தங்கை ஸ்ரெல்லா, பொதுமக்கள் சார்பில் பிலிப்பு. வேறு ஒருவரும் இல்லை.

பிலிப்புவைக் கண்டதும் நீக்கிலாப்பிள்ளை கதவடியிலேயே நின்றுவிட்டார். ஸ்ரெல்லாவின் மகள் நிரோஜினிக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் பிலிப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ரெல்லா மனநோய் விடுதியில் கிடந்த ஆறு கிழமையையும், அந்த ஒன்றரை மாதத்தையும், மடு மாதா கோயிலில் நேர்த்திக்குத் தங்கியதாகவே நீக்கிலாப்பிள்ளை ஊருக்குச் சொல்லியிருந்தார்.

"அண்ணை, நீங்களும் இதுக்கோ?" என்றார் பிலிப்பு.

"ஓம், நானும் பொதுமக்கள்தான். தங்கச்சி சும்மா துணைக்கு வந்தவ." பிறகு தங்கையின் பக்கம் குனிந்து, "வாயைத் திறவாதை" என்றார்.

மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை நல்லதா, அதில் எதை மாற்றவேண்டும் என்று, அதைப் பெற்றவர்களிடமும் ஊராரிடமும் கேட்டு எழுதவே கூட்டம் என்றார் வைத்தியர்.

"கறண்ட் குடுக்கிறது தண்டனையெல்லே?" என்றார் பிலிப்பு. "மூளை கருகிப்போமாம்."



"கருகினால் மணந்திருக்குமே, தம்பி," என்றாள் ஸ்ரெல்லா. "எனக்கு ஆறு தரம் வைச்சவை."

தாதி எழுதத் தொடங்கினாள்.

"மயக்கிப்போட்டுத்தான் வைச்சது. நோகேல்லை. அதுக்கு முதல் சாகத்தான் நினைச்சனான். மூண்டாம் தரத்துக்குப் பிறகு சோறு இறங்கிச்சுது. ஆனால் மகளின்ரை பட்டமளிப்பு எனக்கு ஞாபகத்திலை இல்லை. படத்திலை நிக்கிறன், அவ்வளவுதான். ரெண்டையும் எழுதுங்கோ."

"ஸ்ரெல்லா!"

"இருங்கோ அண்ணை. சம்மதக் கடதாசியிலை கையெழுத்து வைச்சது இவர். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். எண்டாலும் கேட்டிருக்கவேணும்."

வைத்தியர் அதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னார்.

பிலிப்பு திரும்பினார். "அப்ப மடு?"

அறுபத்தெட்டு வயதுவரை நீக்கிலாப்பிள்ளையை எவரும் பொய்யன் என்று சொன்னதில்லை. தங்கை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அது நான் சொன்ன பொய்," என்றார். "அவள் சொன்னதில்லை."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வாறன்," என்றார் பிலிப்பு. அந்த நாலு நாளும் நீக்கிலாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே எழுந்து நின்றார்.

சம்பந்தம் முறிந்தது என்று கடற்கரையில் இன்றும் கதைக்கிறார்கள். முறியவில்லை. பிலிப்பு மாப்பிள்ளையின் தாயோடு வந்தார். அந்த அம்மா ஸ்ரெல்லாவிடம் இரண்டு மணித்தியாலம் கேட்கவேண்டியதெல்லாம் கேட்டார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் கலியாண ஓலை மூன்று தரமும் வாசித்தாயிற்று. எவரும் மறுப்புச் சொல்லவில்லை.