சொந்த ஓட்டம்

நாத்தனார் கதவைத் திறந்தபோது அவள் கட்டில்மேல் பெட்ரோல் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காலையில் அவள் கணவரைத் தகனத்துக்கு அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

"எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. படுத்திருக்கான்னு சொல்லிவெச்சேன். நீ என்னடான்னா கடை விரிச்சிருக்க."

வரி அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் போய்ச் சேர வேண்டும் என்று அவள் சொன்னாள். இறந்தவனிடம் யாரும் வரி கேட்க மாட்டார்கள் என்றாள் நாத்தனார். கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருடமாக அந்த அலுவலகத்துக்குக் கணக்கு எழுதி அனுப்புகிறவள் அவள்தானே.

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். வண்டி கழுவியதற்கான ரசீது. பின்பக்கத்தில் "வலது கதவு சரியாகக் கழுவவில்லை" என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

"இது தம்பி எழுத்தா?"

"ம்."

"நான் வெச்சுக்கட்டுமா?"

ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவைக் காட்ட முடியாது. "வெச்சுக்குங்க அக்கா, இன்னொண்ணு இருக்கு" என்றாள். இன்னொன்று இல்லை. நாத்தனார் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி கூடத்துக்குப் போய்விட்டாள்.

டாக்சி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே "கணக்கு"தான். முதலாளியிடம் சம்பளத்துக்கு ஓட்டியதை விட்டுவிட்டு, நான்கு வருடத்துக்கு முன்னால் சொந்த வண்டி வாங்கியவர். பஞ்சர்க் கடைக்காரரிடம் பில் இல்லையென்றால் சிகரெட் அட்டையைக் கிழித்தாவது கையெழுத்து வாங்கிவிடுவார். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், ஸ்டாண்டுச் சந்தா, பாதி போன் பில். ராத்திரி சாப்பிட்டதும் சட்டைப் பையைக் கவிழ்ப்பார், அவள் பெரிய நோட்டில் ஏற்றுவாள். அவர்களுக்குள் பேச்சு என்று ஒன்று ஒழுங்காக நடந்தது அந்த அரை மணி நேரம்தான். அதிலும் முக்கால்வாசி எண்கள்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். புறப்பட்ட கிலோமீட்டர், சேர்ந்த கிலோமீட்டர், எங்கே, வாடகையா, சொந்தமா என்று கோடு போட்டு வைத்திருந்தார். சொந்த வேலைக்கு ஓடிய தூரத்துக்கான பெட்ரோலைச் செலவில் காட்டக்கூடாது என்பது சட்டம். அதற்கு அவராக ஒரு வழி வைத்திருந்தார். வண்டியின் தலையில் டாக்சி விளக்கு எரிந்தாலோ உள்ளே சவாரி இருந்தாலோ அது வேலை, ஆளில்லாமல் விளக்கு அணைந்தால் சொந்தம். காலையில் வீட்டு வாசலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ராத்திரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் அணைப்பார். நடுவில் சவாரி ஏறினால்தான் அணையும், வேறு எதற்கும் அது அணைந்ததே இல்லை.

அதனால் "சொந்தம்" என்ற பத்தியில் நான்கு வருடமும் பூஜ்யம். வரி அலுவலகத்துக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது. ஒரே வண்டி உள்ள குடும்பத்தில் சொந்த உபயோகம் பூஜ்யம் என்பது நம்பத்தக்கதாக இல்லை, விளக்கம் தரவும் என்று போன மாதம் கடிதம் போட்டார்கள். பொய்க்கணக்கு எழுதுகிறவன்கூட அங்கே இருநூறு முந்நூறு என்று ஏதாவது போட்டு வைப்பான். உண்மையை எழுதி மாட்டிக்கொண்டது இவர் ஒருவர்தான்.

நேற்றுக் காலை அதில்தான் பேச்சு வளர்ந்தது. வாரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று போட்டு அனுப்பிவிடலாம், கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாகச் சொல்லலாம் என்றாள் அவள்.

"ஓடாத ஓட்டத்த எப்படி எழுதறது? பூஜ்யம்னா பூஜ்யம்தான்" என்றார் அவர், ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அது நெஜம்தானே? நாலு வருஷத்துல ஒரு நாள் என்னை அந்த வண்டில உக்கார வெச்சதில்ல. அதையே எழுதி அனுப்பிடறேன். அவங்களாவது படிக்கட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாடா அவிழ்ந்தது, மறுபடி கட்டினார். பிறகு படியிறங்கிப் போனார்.

கண் ஆஸ்பத்திரிக்குக்கூட அவள் பஸ்ஸில்தான் போய் வந்திருக்கிறாள். ஒரு தடவை சிக்னலில் பஸ் ஜன்னலுக்கு நேர் கீழே அவருடைய டாக்சி வந்து நின்றது. பின்னால் இரண்டு பேர் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மங்கலாகத் தெரிந்தது, ஆனால் சிரித்தது தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவள் கூப்பிடவில்லை. ராத்திரி அந்த ஓட்டத்தையும் பெரிய நோட்டில் அவள்தான் ஏற்றினாள்.

நேற்று அவர் போன பிறகு கடிதத்தை எழுதி முடித்தாள். "ஐயா, நான்கு ஆண்டுகளில் இந்த வண்டியில் நான் ஒரு முறைகூட ஏறியதில்லை. இது உண்மை." அடிக்கோடு வேறு போட்டாள். அப்போது மணி பதினொன்றரை இருக்கும். இரண்டு மணிக்குத்தான் போன் வந்தது, சாலையோரம் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார், மாரடைப்பு என்று.

நேற்றிலிருந்து அவளுக்கு அழுகையைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு போனார்? அவள்மேல் கோபத்தோடு போனாரா? வந்தவர்கள் யாரிடமும் இதைக் கேட்க முடியாது. ரசீதுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன, சின்ன நோட்டின் நேற்றைய பக்கம் மட்டும் வரவில்லை. அது வண்டியில் இருந்தது.

மூன்று மணிக்கு வாசலில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும், யாரும் சொல்லாமலே எழுந்து கீழே போனாள்.

"ரேடியோ" வண்டியைக் கொண்டு வந்திருந்தார். அவள் கணவரோடு பத்து வருடமாக ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டுநர், வாய் மூடாததால் வந்த பெயர். இன்று சாவியை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து வண்டி நின்ற இடத்திலேயே நின்றதாம். நேராக அங்கிருந்து எடுத்து வருகிறாராம்.

"எங்க நின்னுச்சு?"

"மருந்துக்கடை வளைவுல அண்ணி. உங்க வீட்டுக்குத் திரும்பற இடம். பதினொன்றரை ரயிலுக்கு ஸ்டாண்டே காலியாகும், அண்ணன் என்னிக்கும் அதை விட்டதில்ல. அந்த நேரத்துல இந்தப் பக்கம் எதுக்கு வந்தார்னே தெரியல."

ரேடியோ வண்டியின் கூரையைக் காட்டினார்.

"நானே ரெண்டு தடவை தாண்டிப் போனேன். தலைல விளக்கு எரியல. எரிஞ்சிருந்தா சும்மா நிக்கறாரேன்னு எட்டிப் பாத்திருப்பேன். சவாரி வந்தவங்க கடைக்குள்ள போயிருப்பாங்க, அவங்களுக்காகக் காத்திருக்கார்னு நெனச்சுட்டேன் அண்ணி. எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்கோம்."

"விளக்கு அணைஞ்சிருந்துதா?"

"ஆமா."

அவள் முன்கதவைத் திறந்தாள். பயணிகளின் சாமான் வைப்பதற்காக முன் இருக்கை முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. ரேடியோ கீழே கைவிட்டு எதையோ இழுத்துப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்குள் அவருடைய சட்டை வாசனை இருந்தது.

சின்ன நோட்டு எதிரே பெட்டிக்குள் இருந்தது. நேற்றைய பக்கத்தில் நான்கு சவாரிகள், எல்லாம் வாடகைப் பத்தியில். அதற்குக் கீழே ஐந்தாவது வரி. புறப்பட்ட கிலோமீட்டர் 186298. சேர்ந்தது காலி. எங்கே என்ற இடத்தில், அந்தக் குண்டு எழுத்தில், "வீடு. பிறகு அவள் சொல்லும் இடம்" என்று இருந்தது. சொந்தம் என்ற பத்தியில் ஒரு டிக்.

முதலில் அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது. நான் கத்தியதற்காக அலுவலகத்துக்குக் காட்ட ஒரு வரி எழுதிவைத்தாரோ? ஆனால் பொய்க்கணக்கென்றால் சேர்ந்த கிலோமீட்டரையும் அப்போதே எழுதியிருப்பார். இவர் போய்ச் சேர்ந்துதான் எழுதுவார். விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். அந்த அணைந்த விளக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், வெகுநேரம். ரேடியோ வண்டியைச் சுற்றிப்போய் வலது கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தாள். 186309. பேனாவை எடுத்து, "வீடு" என்பதற்கு நேராகச் சேர்ந்த கிலோமீட்டரை எழுதினாள். பதினொரு கிலோமீட்டர். மீதி வரி அப்படியே இருந்தது.

"எங்கயாவது போகணுமா அண்ணி?"

நான்கு வருடமாக எத்தனையோ இடம் நினைத்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மேலே ஜன்னலில் நாத்தனார் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாள்.

ரேடியோ வண்டியை எடுத்தார். கைப்பழக்கத்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலே டாக்சி விளக்கு எரிந்தது. அவள் எட்டி அதை அணைத்தாள்.

தெருமுனையில் பெட்டியோடு நின்ற ஒருவர் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மேலே விளக்கு இல்லை என்று தெரிந்ததும் இறக்கிக்கொண்டார்.