கூடையில் சூடேறிய கொழுந்து

மரியரட்ணத்தைத் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்க விடக்கூடாதென்று தோட்டத்தை நடத்தும் துரை உத்தரவு போட்டிருந்தார். போடட்டும். தலவாக்கலைக்குப் போகும் ரோடு துரையின் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே, அரசாங்க ரோடு. பறித்த கொழுந்தை ஏற்றும் லொறி நிற்பதும் அங்கேதான். எந்த மலையில் கொழுந்து எடுத்தாலும் பெண்கள் கூடையோடு நிறுவைக்கு அங்கேதான் இறங்கி வர வேண்டும். இதே தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்து, வேலைநிறுத்தம் நடத்தி, குடியிருந்த லயத்தைவிட்டு விரட்டப்பட்டவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அறுபதாம் ஆண்டுத் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர். மதகின்மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார்.

வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பத்தெட்டில் அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த பிறகு இந்தப் பெண்களில் ஒருத்திக்கும் ஓட்டில்லை, இவர்களிடம் என்ன பிரசாரம் என்று கேட்டார்.

"ஓட்டு இருக்கவங்ககிட்ட எல்லாரும்தான் பேசுறாங்க. நான் பறிகொடுத்தவங்ககிட்ட பேச வந்திருக்கேன்," என்றார் மரியரட்ணம்.

சிரிப்பு நின்றது. இந்த ஆள் போகும்வரை நிறுவை கிடையாது, நிறுக்காவிட்டால் பேரும் கிடையாது என்று தராசைக் கழற்றி லொறிக்குள் போட்டார் கண்டாக்கு. கணக்கில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

போலீசு அடித்தபோதுகூட வாயை மூடாத மனுஷன் இப்போது பேச்சை நிறுத்தினார். காலையிலிருந்து மழையில் நனைந்தவர்களின் வயிற்றில் அடித்தா அவர் பேச வேண்டும்? வெட்கமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

முன்னால் நின்ற மீனம்மா கூடையை ரோட்டில் இறக்கிவைத்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க பேசுங்கண்ணே. கூடையில அமுக்கி வச்ச கொழுந்து எவ்வளவு நேரம் தாங்கும்னு கண்டாக்கையாவுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. கொழுந்து புழுங்கிச் சிவந்துபோனால் தேயிலை உருப்படாது. துரை கண்டாக்கைத்தான் தொலைத்துக்கட்டுவார். மரியரட்ணம் நெஞ்சை நிமிர்த்தி மறுபடி பேசினார். ஒழுகும் லயத்துக் கூரை, கைக்குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பரா, பறிபோன ஓட்டு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கண்டாக்கு ஒரு கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே கொழுந்து சூடேறியிருந்தது. தானே தராசைத் தூக்கி மாட்டிவிட்டு, எல்லாருக்கும் முழுநாள் பேர் போடுவதாகச் சொன்னார். ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் மதகடிக்கு வந்து, பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்லி மரியரட்ணத்திடமே கெஞ்சினார்.

"அது என் கையில இல்லைங்க," என்ற மரியரட்ணம் பெண்கள் பக்கம் திரும்பினார். "நான் நிறுத்தணுமா, பேசணுமா? பேசணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

கொழுந்துக் கறை படிந்த கைகள் அத்தனையும் உயர்ந்தன. நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

மரியரட்ணம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கண்டாக்கு தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.