நாலாவது பெயர்

வாய்க்கரிசித் தட்டோடு ரேவதி வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க சித்தப்பா சுப்பிரமணி வந்திருக்காரும்மா. டிரான்ஸ்பார்மர்கிட்ட நிக்கிறாரு. கூப்பிடாம வரமாட்டேன்றாரு."

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி அப்பா அப்பாதுரையைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ரேவதி அம்மா சரசுவைப் பார்த்தாள்.

"உன்னத்தான அன்னிக்குத் திட்டினான். நீ கூப்பிட்டாத்தான் வருவான்" என்றாள் அம்மா.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரேவதி வேறு சாதியில் விமல்ராஜைக் கட்டிக்கொண்டபோது, இனி எனக்கு அண்ணனே கிடையாது என்று இதே தெருவில் நின்று கத்திவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் போனவர் சித்தப்பா. அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. கெட்டியான கோபம்.

அப்பாவுக்கோ கோபப்படவே வராது. கலெக்டர் ஆபீசில் டபேதாராக இருந்து ஓய்வு பெற்றதும், ஒரு புத்த பிக்கு லாட்ஜ் ஹாலில் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்தார். மெத்தா தியானமாம். தினமும் காலையில் கண்ணை மூடி, முதலில் தனக்கு, அடுத்து பிரியமானவருக்கு, பிறகு சும்மா முகம் தெரிந்தவருக்கு, நாலாவதாக மனசு கசந்தவருக்கு, கடைசியில் எல்லா உயிருக்கும் என்று வரிசையாக நினைத்து, 'நல்லா இருக்கட்டும்' என்பார். மூன்றாவது இடம் பெரும்பாலும் பச்சைச் சட்டை ஆட்டோக்காரருக்கு. நாலாவது எப்போதும் தம்பிக்குத்தான்.

"பௌர்ணமிக்கு ஊரே மலையச் சுத்துது, இவரு உக்காந்த எடத்துல ஊரையே சுத்துறாரு" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

பக்கவாதம் வந்து பேச்சு நின்றபின், மூன்று வாரமாக அவர் காதருகே உட்கார்ந்து ரேவதிதான் அந்த வரிசையைச் சொன்னாள். சித்தப்பா பெயர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. மூன்றாவதிலிருந்து நேராக எல்லா உயிருக்கும் தாவிவிடுவாள். அப்பா கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். புரியாதவள் போலப் போர்வையைச் சரிசெய்வாள். நேற்றுக் காலையும் அப்படித்தான் செய்தாள். அதை நினைக்க இப்போது நெஞ்சு எரிந்தது. அப்பாவுக்காக அந்த ஒரு பெயரைக்கூடவா சொல்லியிருக்கக் கூடாது?

தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

சித்தப்பா நன்றாகவே கிழடு தட்டிப்போயிருந்தார். கையில் மாலை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"வாங்க சித்தப்பா. உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்."

அவர் பின்னால் வந்தார். மாலையைப் போட்டார். அழுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவரோ அண்ணன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தலை சீவினது?"

"நான்தாங்க" என்றான் விமல்ராஜ். கூட்டத்தில் இரண்டு பேர் முன்னால் நகர்ந்தார்கள். ரேவதி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நல்லாத்தான் சீவியிருக்கீங்க. எங்கண்ணனுக்கு வகிடு இடது பக்கம்." நெற்றி முடியை விரலால் ஒதுக்கினார். "சீப்பு இருக்கா?"

விமல்ராஜ் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"தலைய கொஞ்சம் தூக்கிப் பிடிங்க மாப்ள."

விமல்ராஜ் குனிந்து இரண்டு கையாலும் மாமனாரின் தலையைத் தாங்கிக்கொண்டான். முடி படிய மறுத்தது. ரேவதி ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.