இடது குச்சியில் சந்தனம்

கார்குழலி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கூடத்துக்கு வந்தபோது, அவளுடைய கேமிங் பிசி பொட்டும் பூவுமாகச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

அதற்கு இடப்பக்கம் அம்மா மீன் அறுக்கும் அரிவாள்மணை. வலப்பக்கம் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் தராசு. பின்னால், அப்பா போட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஜிபிஎஸ். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. வைத்திக்குப்பத்தில் ஆயுத பூஜை என்றால் ஒரு கத்தரிக்கோல் கூடத் தப்பிக்க முடியாது.

"எம்மா! இத்த யாரு எடுத்தது?"

"நாந்தான். மணைலேந்து கழட்டி, நல்லா தொடச்சி வச்சிருக்கேன். பளபளன்னு இருக்குதா பாரு" என்றாள் தில்லையம்மாள், அடுப்பில் சுண்டலைக் கிளறிக்கொண்டே.

மணை என்று அவள் சொன்னது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்கை, அதாவது பிசியைச் செருகி வைக்கும் தாங்கியை. பிசி, இரண்டு கையிலும் பிடித்து விளையாடுகிற கணினி. நடுவில் திரை, இரு ஓரத்திலும் பொத்தான்கள், கட்டைவிரல் வைக்க இரண்டு குட்டிக் குச்சிகள். வேலை பார்க்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிக்குப் பஸ்ஸில் போகும்போது கார்குழலியின் மடியில் இருக்கும். வீடு திரும்பியதும் அதை டாக்கில் செருகுவாள். உடனே படம் டிவிக்குத் தாவும், சார்ஜும் ஏறும். அம்மாவின் சீரியல் அந்த நொடியே காணாமல் போகும். ஒரு வருஷமாக அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அந்த நொடியில் ஆரம்பித்தவை.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு குச்சிகளின் தலையிலும் கெட்டிச் சந்தனம். மேலே சூடு வெளியேறும் இடுக்குகளில் குறுக்கே மூன்று கோடு விபூதி.

"கண்ணு மாதிரி ரெண்டு இருந்திச்சா, ரெண்டுலயும் வச்சேன்" என்றாள் அம்மா பெருமையாக.

இன்று மூன்றரை மணிக்குள் கார்குழலி ஒரு வேலையைப் பிடிக்கவோ தொலைக்கவோ வேண்டும்.

பிரான்ஸில் ஒரு சின்ன கம்பெனி. வெளிவரப்போகும் ஒரு கேமை அனுப்பி, அதில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் தவணை. அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு, நமக்கு மூன்றரை. கண்டுபிடிப்பவர்களில் ஒருவருக்கு, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. அவள் பஸ்ஸிலும் டிவியிலுமாக ஏழு பிழை பிடித்துவிட்டாள். எல்லாம் சில்லறை: ஒரு மரத்துக்கு நிழல் இல்லை, ஒரு கதவு தலைகீழாகத் திறக்கிறது. கேமையே சாகடிக்கிற பெரிய பிழை ஒன்றாவது வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அது இன்னும் சிக்கவில்லை.

இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. அவள் கையை நீட்டினாள்.

"தொடாத!" அம்மா கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "பூசையில வச்சத எடுக்கக் கூடாது. நாளைக்கி காலைல சாமி கும்புட்டுட்டுத்தான்."

"எம்மா, இன்னிக்கி மூணரைக்கு அனுப்பணும்மா! இல்லன்னா வேல போயிடும்!"

"எவன் ஆயுத பூசை அன்னிக்கி வேல வாங்குறான்?"

"பிரான்சு கம்பெனிம்மா."

"முன்னூறு வருஷம் நம்மள ஆண்டானுங்களே, ஆயுத பூசை இன்னான்னு தெரிஞ்சிக்காமயே போயிட்டானுங்களா?"

"அது வெளயாட்டு சாமான்மா! வெளயாட்டு சாமானுக்கு யாராச்சும் பொட்டு வப்பாங்களா?"

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். தில்லையம்மாள் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிதானமாக அவளைப் பார்த்தாள்.

"வெளயாட்டு சாமானா? போன வாரம் நான் சீரியல் பாக்கும்போது படத்த வெட்டிட்டு நீ இன்னா சொன்ன? 'இது வெளயாட்டு சாமான் இல்ல, எந்தொழிலு. உனக்குத் தராசு எப்பிடியோ எனக்கு இது அப்பிடி'ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனியா இல்லியா?"

கத்தியிருந்தாள். அதற்கு முந்தின வாரமும் கத்தியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, பாட்டிலுக்கு மூடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். 'படிச்ச பொண்ணு பொம்ம வச்சி வெளயாடுது' என்று தெருவில் யார் சிரித்தாலும் நின்று, திரும்பி, இது தொழில் என்று ஒரு பாடம் எடுக்காமல் நகர்ந்ததில்லை. கேட்டவர்களில் அதை நம்பிய ஒரே ஆள் அம்மா. நம்பியதன் விளைவுதான் இந்தப் பொட்டு.

"யப்பா, நீயாச்சும் சொல்லுப்பா!"

கலியபெருமாள் வாசலில் உட்கார்ந்து போட் எஞ்சினுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். "சாமி விசயத்துல நான் தலையிட மாட்டேன்" என்றார். அவர் தலையிடாமல் இருப்பது அம்மாவுடைய எல்லா விஷயத்திலும்தான்.

அந்த நேரம் தெருவில் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஜானகிராமனின் ஆட்டோ வாழைக்கன்றும் பலூனுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றிருந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கப்போய், ஆட்டோவுக்கு மூன்றுதான் என்று நினைவு வந்து ஒன்றைத் திரும்ப எடுத்தார். வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்கின.

கார்குழலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அதுக்கும்தான பூசை போட்டாங்க? அது மட்டும் ஓடுது?"

"அது வண்டிடி. வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுத்து போயித்தான் வரணும். அதுதான் மொற."

"இதுவும் வண்டிதான்."

"எது?"

"இதுதான். மணைல இருந்தா வூட்டு சாமான். கையில எடுத்தா வண்டி. தினமும் மேட்டுப்பாளையம் போயிட்டு வருதா இல்லியா? உன் தராசு போவுமா? அரிவாமண போவுமா?"

தில்லையம்மாள் பிசியையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். தலையிடாத கலியபெருமாள், "ஜிபிஎஸ்ஸும் கடலுக்குப் போவுது. அது வண்டில சேத்திதான்" என்று மாலையைப் பார்த்துச் சொன்னார்.

ஐந்து நிமிடம் பேச்சுவார்த்தை நடந்தது. தீர்ப்பு இது: பிசியை எடுக்கலாம். ஆனால் முறைப்படி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். ஒரு சுற்று போய்த் திரும்பி வர வேண்டும். வரும்வரை பொட்டை அழிக்கக் கூடாது.

பிசியை எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்து அழுத்த அம்மா தயாரானாள். கார்குழலி போட்ட அலறலில் ஜானகிராமனே ஆட்டோவை நிறுத்திவிட்டார். கடைசியில் பழத்தைக் கார்குழலியின் காலடியில் வைத்தார்கள். பிசியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அதை மிதித்தாள்.

"ஏறு பாப்பா, மணக்குள விநாயகர் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றார் ஜானகிராமன்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் கேமைத் திறந்தாள். மலைக்கிராமத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வீடு வீடாகத் தபால் கொடுக்கிற கேம். ஆட்டுக்குட்டி எழுந்தது. இடது பக்கம் திரும்பியது. நேராகப் போய் மாதா கோயில் சுவரில் முட்டியது.

குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். வரவில்லை. பன்னீர் விட்டு அரைத்த சந்தனம் குச்சியின் கழுத்துக்குள் இறங்கி சிமெண்டாக இறுகியிருந்தது. இடப்பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது குச்சி. நகத்தால் சுரண்டினாள். துப்பட்டா நுனியால் தேய்த்தாள். துப்பட்டாதான் மஞ்சளாயிற்று.

முட்டு. முட்டு. முட்டு.

கண்ணாடியில் பார்த்த ஜானகிராமன், "இன்னா பாப்பா, ஆடு செவுத்தப் போட்டு முட்டுது?" என்றார்.

"எங்கம்மா பொட்டு வச்சாங்கண்ணா. சாமி வந்திருக்குது."

ஊரில் இருந்த அத்தனை ஆட்டோவும் மணக்குள விநாயகரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தன. இரண்டு தெருவுக்கு முன்னாலேயே வரிசை நின்றது. காலையிலேயே அம்மா அணைக்காமல் டாக்கிலிருந்து பிடுங்கி வைத்ததால் பிசியில் சார்ஜ் இல்லை; ஒன்பது சதவீதம் என்று சிவப்பாகக் காட்டியது. அதைத் தூங்க வைத்துவிட்டு, திட்டத் தொடங்கினாள். பிரான்ஸைத் திட்டினாள், சந்தனத்தைத் திட்டினாள், தன் வாயைத் திட்டினாள். ஜானகிராமன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் அவளுக்குப் பொரி கொடுத்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டு முப்பத்தைந்து.

ஓடிப்போய் டாக்கில் செருகினாள். டிவியில் ஆட்டுக்குட்டி வந்தது. முட்டியது. அப்படியே விட்டுவிட்டு, குச்சியைச் சுத்தம் செய்யத் தேங்காய் எண்ணெயும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் தேடி உள்ளே போனாள். பூஜைக்காக அம்மா வீட்டையே புரட்டி அடுக்கியிருந்ததால் எந்தப் பொருளும் அதன் இடத்தில் இல்லை. எண்ணெய் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடைத்தது. பஞ்சுக்குச்சியைத் தேடி அலமாரியில் தலையை விட்டிருந்தபோது கூடத்திலிருந்து அம்மா அலறினாள்.

"ஐயையோ! ஆடு கடல்ல வுழுந்துடிச்சி!"

"கடல் இல்ல தில்ல, அதுக்கும் கீழ போவுது" என்றது அப்பாவின் குரல்.

கார்குழலி ஓடி வந்தாள். திரையில் மாதா கோயில் இல்லை, மலை இல்லை. அடியில்லாத நீலத்தில் ஆட்டுக்குட்டி நாலு காலையும் உதைத்துக்கொண்டு கீழே, கீழே போய்க்கொண்டிருந்தது. பிறகு படம் உறைந்தது. பிறகு கேம் தானாக மூடிக்கொண்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"செத்துடிச்சா?" என்றாள் அம்மா, குரல் இறங்கி. "நான் பொட்டு வச்சதாலயா? இரு, தொடச்சிடறேன்." ஈரத்துணியோடு டாக்கை நோக்கிக் குனிந்தாள்.

"தொடாத!"

மதியம் அம்மா போட்ட அதே சத்தம். கொடுத்தவளிடமே திரும்பி வந்தது.

"சந்தனத்த யாரும் தொடக் கூடாது! எம்மா, எவ்ளோ நேரம் முட்டிச்சி?"

"நீ உள்ள போனதுலேந்து முட்டுது, பாவம்."

ஒரு தடவை விழுந்தால் போதாது. மறுபடியும் விழவைத்துக் காட்டினால்தான் பிழை. கேமைத் திறந்தாள். ஆட்டுக்குட்டி எழுந்தது, திரும்பியது, சுவருக்குப் போனது. கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டாள். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒரு ஆடு சுவரை முட்டுவதைப் பார்த்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் தெருவில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு என்ன படம் என்று கேட்டார்கள். நாலாவது நிமிடத்தில் அம்மா சுண்டல் கொண்டுவந்தாள். ஏழாவது நிமிடத்தில் கார்குழலிக்கு நம்பிக்கை போய்விட்டது. குச்சியைப் பிடுங்கி எறிய எழுந்தாள்.

"உக்காரு" என்றார் அப்பா. "வலையப் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல இழுக்கறவன் வெறுங்கையோடதான் வருவான்."

பதினோராவது நிமிடம் சுவர் ஆட்டுக்குட்டியை விழுங்கியது. நீலம். கீழே, கீழே. உறைந்தது. செத்தது.

தில்லையம்மாள் கை தட்டினாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. மகள் கத்திக்கொண்டே குதித்ததால் தட்டினாள்.

விசைப்பலகையை இழுத்துக்கொண்டு கார்குழலி டிவியைப் பார்த்து அடித்தாள். பிழை எட்டு. கேமையே சாகடிப்பது. பிழையை மறுபடி வரவைக்கும் முறை என்ற கட்டத்தில், யோசிக்க நேரமில்லாததால், உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஒன்று: இடது குச்சியில் கெட்டிச் சந்தனம் தடவவும். இரண்டு: காயவிடவும். மூன்று: மாதா கோயில் சுவருக்கு முன்னால் பதினோரு நிமிடம் காத்திருக்கவும்.

மூன்று இருபத்தெட்டுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் எழுதியதை வாசித்தாள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில், பிசி மடியில் இருக்க, கைப்பேசிக்குப் பதில் வந்தது. நாலு மாதமாகத் தங்கள் ஆட்கள் ஆறு பேர் சோதித்தும் இது சிக்கவில்லை. சுவரைப் பதினோரு நிமிடம் முட்டும் பொறுமை ஒருவருக்கும் இருந்ததில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலைக்குச் சேர முடியுமா? கீழே தனியாக ஒரு கேள்வி: சந்தனம் தடவுவது உங்கள் வழக்கமான சோதனை முறையா?

கார்குழலி குச்சியின் கழுத்தைப் பார்த்தாள். எவ்வளவு எண்ணெய் விட்டும் ஒரு மஞ்சள் வளையம் போகாமல் அங்கேயே இருந்தது.

'ஆமாம்' என்று பதில் எழுதினாள். 'வருடத்துக்கு ஒருமுறை. என் அம்மா செய்வார்.'