பதினேழாம் பக்கத்து அட்டவணை

1

ஒரு அறிக்கையிலிருந்து நான் நீக்கிவிட்ட அட்டவணைதான் இந்தக் கதைக்குக் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் திருப்பம் போல இருக்கும். அந்தச் சலுகைக்கு எனக்குத் தகுதியில்லை.

மனாடோ நகரில் ஒரு வானலை அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எந்த அலைவரிசையை யாருக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் பக்கத்து அலைவரிசைக்காரருக்கு இடைஞ்சல் வருமா என்று பார்ப்பதே எங்கள் வேலை. கணக்குப் போடுவது நெல்வி தும்பெலாகா. அவள் கணக்கை மேலதிகாரிகள் படிக்கிற மொழியில் எழுதுவது நான், ரோய்க்கே.

2

இந்தக் கதையின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "குன்றின் மேல் ஒரு வெள்ளைக் கோளம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தது."

அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று லிங்கோவா கிராமத்தில் பதினோரு பேர்

இதை முடிக்க முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

(அந்த வெள்ளைக் கோளம் வானிலை ரேடார். அது ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காது கொடுக்கும். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக மெலியது. பக்கத்து அலைவரிசையில் யாராவது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அது கேட்காது. இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.)

3

லிங்கோவா பள்ளத்தாக்குக்கு இணைய இணைப்புக் கொடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. நாற்பது ஆன்டெனாக்கள். ரேடாரின் குரல் கேட்டால் அவை தாமாகவே வேறு அலைவரிசைக்கு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மலை, மரம், ஆன்டெனா பார்க்கும் திசை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி நெல்வி பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தாள். நாற்பதுக்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே நிறுவனம் ஏற்கெனவே நாற்பதுக்கு அனுமதி வாங்கியிருந்தது. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன நெல்வி கூரைகளை எண்ணிக்கொண்டு வந்துவிட்டாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு, ரோய்க்கே. ஆளாளுக்கு வாங்கி மாட்டியிருக்காங்க. பாதிக்கு மேல ரேடாரைக் கேக்குற வசதியையே அணைச்சு வச்சிருக்கு. அணைச்சா நெட் வேகமா வருதாம்."

"அணைச்சிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கையில சிக்னல் மீட்டர் இருந்துச்சு."

"கல்யாணத்துக்கு மீட்டரோட போன ஒரே ஆளு நீதான். சாப்பிட்டியா, இல்ல கூரையவே பாத்துட்டு வந்துட்டியா?"

"மூணு தட்டு பன்றிக்கறி தின்னுட்டுதான் எண்ணினேன்."

லிங்கோவாவிலும் இதேதான் நடக்கும் என்று அன்றே முந்நூறு ஆன்டெனாக்களை வைத்து இரண்டாவது கணக்கை ஓட்டினாள். அந்தக் கணக்கின்படி ரேடார் திரையில் லிங்கோவா திசை முழுவதும் ஆப்புப் போல ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. அந்தக் கணக்குதான் அறிக்கையின் பதினேழாம் பக்கத்து அட்டவணை.

எங்கள் மேலாளர் பாக் வெம்பி ('பாக்' என்றால் இங்கே ஐயா) அதைப் பொறுமையாகத்தான் படித்தார்.

"ஜனங்க விதியை மீறுவாங்கன்னு நம்ம அறிக்கையில நாமளே எழுதலாமா? அப்புறம் விதி எதுக்கு?"

"விதி இருக்கு, பாக். மழைக்கு அது தெரியாது," என்றாள் நெல்வி.

"அட்டவணையை எடுத்துடுங்க." அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

(முந்தைய வரைவில் பாக் வெம்பியை வில்லனாக்கியிருந்தேன். நிஜத்தில் அவருடைய தங்கை லிங்கோவாவில் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் பாடத்துக்காகக் குன்றேறிச் சிக்னல் தேடுகிறார்கள் என்று வாரம் தவறாமல் அண்ணனிடம் புலம்புவாள். நல்லது செய்வதாகத்தான் அவர் நம்பினார். நான் எதை நம்பினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் அகப்படவில்லை.)

அட்டவணையை எடுத்ததும் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. அதை மூட ஒரு வாக்கியம் எழுதினேன்: "கூடுதல் இடைஞ்சலுக்கு வாய்ப்பிருப்பினும் அது பொருட்படுத்தத்தக்கதன்று."

நெல்வி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது எங்கேருந்து வந்துச்சு? என் கணக்குல இல்லையே."

"எதையாவது சொல்லி முடிக்கணும்ல."

கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

4

இரண்டு வருடம் கழித்து, பிப்ரவரி மாதம், மதியம் இரண்டரை மணி.

ரேடார் திரையில் அந்த வெள்ளைப் பட்டை பல மாதங்களாகவே விழுந்துகொண்டிருந்தது. பார்க்கத் தொல்லையாக இருந்ததால் அதை அழித்துவிடும்படி மென்பொருளில் அமைத்திருந்தார்கள். அன்றும் அது அழித்தது. பட்டைக்குள் இருந்த மழையையும் சேர்த்து.

ரேடார் அறையில் இருந்த யோப்பி என்னிடம் பிறகு சொன்னான்: "திரையில வானம் சுத்தமா இருந்துச்சு, அண்ணே. ஜன்னல்ல பாத்தா அந்தப் பக்கம் கருப்பா இருக்கு. எதை நம்புறதுன்னே தெரியல. மேல போன் போட்டேன். திரையில என்ன தெரியுதோ அதைச் சொல்லுன்னாங்க."

எச்சரிக்கை போகவில்லை. மூன்றே காலுக்கு ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது.

5

ஒன்பதாம் நாள் நெல்வி என்னை இழுத்துக்கொண்டு லிங்கோவாவுக்குப் போனாள். அங்கே ஓல்ச்சே அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். அவர் கணவர் ஃபிரெட்ஸ் பன்றிகளை அவிழ்த்துவிட ஆற்றோரம் போனவர், திரும்பவில்லை. ஓல்ச்சே அக்கா அந்த நேரம், கப்பலில் வேலை பார்க்கும் மகனோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னைக்குப் படம் எவ்வளவு தெளிவு தெரியுமா. அவன் மூக்குல பரு வந்திருக்கிறது கூடத் தெரிஞ்சுது. 'அம்மா, வெளியே என்ன சத்தம்'னு அவன்தான் கேட்டான். நான் கேக்கல."

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நெல்வி உண்மையைச் சொல்கிறாள், ஓல்ச்சே அக்கா அறைகிறார். இன்னொன்றில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இரண்டும் பொய். நடந்தது இதுதான்.

"அக்கா, இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் நெல்வி. "கணக்குப் போட்டுப் பாத்தேன்."

"தெரிஞ்சு என்ன பண்ணினே?"

"கையெழுத்துப் போட்டேன்."

 அந்த வாக்கியம் என்னுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தேன்.

கடைசியில் ஓல்ச்சே அக்கா கேட்டார்: "அப்போ ஆன்டெனாவையெல்லாம் கழட்டிடுவாங்களா? கழட்டிட்டா அவன்கிட்ட நான் எப்படிப் பேசுறது?"

 

6

விசாரணை நடந்தது. நெல்வி அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூல அறிக்கையில் இது இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். நினைவில்லை என்றேன். அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு சோரோங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அனுப்பும் செய்திகளைத் திறப்பதே இல்லை.

விசாரணை முடிவை எழுதித் தரவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நடை நன்றாக வரும் என்று பெயர். "எதிர்பாராத கனமழை" என்று எழுதிக் கொடுத்தேன்.

லிங்கோவா கூரைகளில் இப்போது ஆன்டெனாக்கள் நானூறுக்கு மேல் இருக்கும் என்கிறான் யோப்பி. மழைக்காலம் தொடங்கப்போகிறது. திரையில் லிங்கோவா திசை இன்றும் சுத்தமாகத்தான் இருக்கிறதாம்.

7

நான் அட்டவணையை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி ஒரு முடிவை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். படித்ததும் மனம் லேசானது. எழுதியதாலேயே போய்விட்டு வந்ததுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓல்ச்சே அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"தம்பி, பையன் விடுமுறைக்கு வர்றான். 'எதிர்பாராத கனமழை'ன்னு அந்த அறிக்கையை எழுதினவரை ஒரு தடவை பாக்கணும்கிறான். சண்டைக்கு இல்ல, பாக்கத்தான். நீங்க அந்த ஆபீஸ்தானே, யாருன்னு தெரியுமா?"

நான்கு நாளாகிறது. நான் படித்துவிட்டது அவருக்குத் தெரியும்.

பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன்.