மன்னர் கட்சிக்காரர்

பிரேதத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த பத்மாசனி, வாசலில் அண்ணனின் செருமலைக் கேட்டு முடிச்சைத் தவறவிட்டாள்.

இந்த வளைகுடா ஊரில், ரோலாப் பகுதியிலேயே அடுத்த தெருவில்தான் வல்லிபுரம் அண்ணனின் வீடு. ஆனாலும் இந்தப் படியேறி இரண்டு வருடமாகிறது. எண்பத்திரண்டாம் ஆண்டு வருடப்பிறப்பன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர். காரணம், முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் சார்ள்ஸ். அவளுடைய கணவர் சிவகுருநாதன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர், பாராளுமன்றக் கட்சி. கந்தோரில் கணக்காளரான அண்ணன் மன்னர் கட்சி. "அரசனைக் கேள்வி கேட்கிற சபை சந்தைக்கடை" என்று அண்ணன் சொல்ல, "உம்மைப்போல ஆமாம்சாமியளாலதான் அந்த மனுசன் கெட்டது" என்று இவர் சொல்ல, பாயாசம் அடுப்படியிலேயே ஆறிப்போனது.

நேற்று வகுப்பில், மன்னர் சொற்படி சபையை ஒத்திவைக்க எழுந்த சபாநாயகரை உறுப்பினர்கள் கதிரையோடு அழுத்திப் பிடித்த கட்டத்தை நடித்துக் காட்டும்போதே சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்களாம்.

சொந்தப் பிள்ளை இல்லாத மனிதர். கொள்ளிக்கு அண்ணனை விட்டால் ஆளில்லை. வருவாரோ மாட்டாரோ என்றுதான் இருந்தாள்.

வந்தவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் செல்வசிங், நாகர்கோவில்காரர், ஏதாவது பேசவேண்டுமே என்று வாயைத் திறந்தார். "சார் கடைசியா எடுத்தது சார்லஸ் பாடம்லா? தலைய வெட்டுனாங்களே, அவன்தான?"

"அவன் இல்லை. அவர்" என்றார் அண்ணன்.

"சரி, அவரு. தப்பு செஞ்சாருல்லா?"

"என்ன பிழை? நாட்டைக் காக்கக் கப்பல் வேணும். கப்பலுக்கு வரி வேணும். சபை தராது, கத்தத்தான் தெரியும். கலைச்சார். அதில என்ன பிழை?"

ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். அண்ணன் செல்வசிங்கைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணிக்குள் கிடந்தவரைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.



பத்மாசனிக்குப் பொறுக்கவில்லை. சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில் எத்தனை வருடம் கேட்ட விவாதம்!

"பதினொரு வருசம் சபையைக் கூட்டாமல் ஆண்டாரே, அது எந்தச் சட்டம்?" என்றாள். "பிறகு படையோட உள்ள போய் அஞ்சு பேரைப் பிடிக்கப் பாத்தார். ஆக்கள் முன்னமே படகில தப்பிப் போயிட்டினம். ஆளில்லாத வாங்கைப் பாத்திட்டுத் திரும்பினதுதானே உங்கட ராசா?"

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீயும் அந்தக் கட்சியோ, பிள்ளை?" என்று அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"கட்சியை விடுங்கோ. கொள்ளி நீங்கள்தான் வைக்கவேணும்."

"வேற ஆர் வைக்கிறது?" என்றார், கோபமாக.

பிரேத வண்டிக்காரன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தியபடி வந்தான். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் அடங்கவில்லை. கொஞ்சம் நிமிர்த்திக் கொண்டுபோகலாமா என்று சைகையில் கேட்டான்.

"வேண்டாம்" என்றார் அண்ணன். "நிமித்தினால் மச்சான் திரும்ப விவாதத்தைத் தொடங்கிடுவார்."

சொல்லிவிட்டுத் தலைப்பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். படிகளில் மூச்சிரைப்பு இறங்கி இறங்கித் தேய்ந்தது.

பத்மாசனி வாசலுக்கு வந்தாள். அண்ணனின் கறுத்த சப்பாத்துகள் பளபளவென்று அங்கேயே இருந்தன. பக்கத்தில் கிடந்த கணவருடைய குதி தேய்ந்த செருப்பைக் காணவில்லை.

கூப்பிடலாமென்று கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து, ஆட்கள் மிதிக்காதபடி சப்பாத்துகளை எடுத்து உள்ளே வைத்தாள்.